ஸ்நூக்கரில் டைமிங்: செந்தூல் மாடியில் பார்த்ததும் பழகியதும்

ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் அடிக்கிறார், வெள்ளைப் பந்து பாதி மேஜை தூரம் பின்னால் ஓடி வருகிறது. இன்னொருவர் தோள் குலுங்க அடிக்கிறார், வெள்ளை மோதிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. முதல் ஆளைப் பார்த்து ‘டைமிங் நல்லா இருக்கு’ என்போம். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் ‘அது தன்னால வரணும்’ என்று சொல்லிவிட்டு சாக்கை (கோலின் நுனி வழுக்காமல் இருக்கத் தடவும் கட்டியை) கையில் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிப்பதே இல்லை. கொஞ்சம் பேருக்கு அது கூடவே பிறந்து வருகிறது, சரி, ஆனால் மற்றவர்களுக்கும் பழகினால் வரும், அதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் டைமிங் என்பது இரண்டே விஷயம். கியூ (அடிக்கும் கோல்) உச்ச வேகத்தை எட்டுகிற நேரமும் டிப் (கோலின் நுனி) வெள்ளையைத் தொடுகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது டிப் நீங்கள் குறிவைத்த புள்ளியில் இருக்க வேண்டும். முதல் விஷயத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதிகம் கெட்டுப்போவது இரண்டாவது.

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிற ஸ்நூக்கர் சென்டரில்தான் நாங்கள் ஆடுவது. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே ஏறினால் மங்கலான படிக்கட்டு, கதவைத் திறந்ததும் ஏர்கான் காற்றோடு துணியும் சாக்கும் கலந்த அந்த வாசனை. அக்கா மகன் கொஞ்ச நாளாக என்னோடு வருகிறான். ஜிம்முக்குப் போகிறவன், கை இரண்டும் தூண் மாதிரி. அவன் அடித்தால் சிவப்பு பாக்கெட்டின் பின்தோலில் அறைந்து விழும், ஆனால் வெள்ளை பின்னால் வராது. ‘மாமா, எவ்ளோ பலமா அடிச்சாலும் கோஸ்தான் ஆக மாட்டேங்குது லா’ என்று புலம்புவான், கோஸ்தான் என்றால் ரிவர்ஸ். அடுத்த மேஜையில் ஒரு சீனப் பெரியவர் ஆடுவார், ஒரு காலத்தில் மார்க்கராக (ஸ்கோர் குறிப்பவராக) வேலை பார்த்தவராம், எழுபதுக்கு மேல் இருக்கும், மணிக்கட்டு மூங்கில் குச்சி போல. கறுப்பை மூலையில் போட்டுவிட்டு வெள்ளையை நீலப் புள்ளி வரை இழுத்துக்கொண்டு வருவார், அடித்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்காது. அக்கா மகன் ‘எப்படி அங்கிள்?’ என்று கேட்டதற்கு அவர் சொன்னது ‘பெலான் பெலான் லா’ மட்டும்தான். மலாயில் மெதுவாக என்று அர்த்தம், பையன் நிஜமாகவே மெதுவாக அடித்தான், வெள்ளை இன்னும் மோசமாக நின்றது. அந்தப் பெரியவர் மெதுவாகச் செய்யச் சொன்னது வேறு எதையோ. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

(இடையில் ஒன்று. இந்த ஆட்டத்துக்கு நம் வீட்டுப் பெரியவர்களிடம் நல்ல பெயர் கிடையாது. அக்காவுக்கு இன்னும் கோபம், பையனைக் கெடுக்கிறேனாம். ஸ்நூக்கர் 1875ல் ஜபல்பூரில் பிறந்தது, அதன் விதிகளை 1880களில் நம்ம ஊட்டி கிளப்பில் வைத்துத்தான் ஒழுங்குபடுத்தினார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ‘ஊட்டியில பொறந்தா என்ன, பினாங்குல பொறந்தா என்ன, பரீட்சை இருக்கு’ என்றாள்.)

சரி, வெள்ளை ஏன் வரவில்லை? ஊகித்துக்கொண்டு நிற்காமல் பார்த்துவிடலாம் என்று ஒரு சோதனை செய்தோம், இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செலவு கிடையாது. நீலத்தை அதன் புள்ளியில் வைத்தோம். அதிலிருந்து ஓர் அடி தள்ளி வெள்ளை, நேராக நடு பாக்கெட்டுக்கு. போடுவது சுலபம் என்பதால் கவனம் முழுவதும் அடியில் இருக்கும். வெள்ளையை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, விரலில் சாக்கைத் தடவி இரண்டு புள்ளிகள் வைத்தேன்: அடிப்பவனைப் பார்த்த பக்கத்தில் பந்தின் சரிநடுவில் ஒன்று, உச்சந்தலையில் ஒன்று. உச்சியில் வைப்பது எதற்கென்றால், பந்து உருண்ட பிறகு எது மேல் எது கீழ் என்று தெரிய வேண்டுமே. டிப்புக்குத் தாராளமாகச் சாக் போடச் சொன்னேன். அவன் குனிந்து, டிப்பை வெள்ளையின் அடியில், துணியை உரசுகிற அளவுக்குத் தாழ்த்தி வைத்து, பலமாக ஒன்று விட்டான். நீலம் போனது. வெள்ளை ஒரு சாண் நகர்ந்து நின்றது. யாரையும் தொடவிடாமல் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், டிப் பட்ட நீலத் தடம் நடுப்புள்ளிக்குக் கீழே, கிட்டத்தட்ட அதை ஒட்டியே இருந்தது. குறிவைத்தது அடிவயிற்றில், பட்டது தொப்புளில். அவன் என்னைப் பார்த்தான், நான் இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன், மறுபடியும் அதே இடம்.

இதில் உள்ள கணக்கு கொஞ்சம் முக்கியம். ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஏறக்குறைய ஆரத்தின் பாதி, அதாவது சுமார் 13 மில்லிமீட்டர் கீழே வரைதான் அடிக்க முடியும், அதற்கும் கீழே போனால் டிப் வழுக்கிவிடும். அந்த 13 மில்லிமீட்டருக்குள்தான் உங்கள் ஸ்க்ரூ (வெள்ளையைப் பின்னால் இழுக்கும் சுழற்சி) முழுவதும் இருக்கிறது. பின்சுழற்சி இரண்டின் பெருக்கல்: எவ்வளவு கீழே பட்டது, எவ்வளவு வேகமாகப் பட்டது. டிப் வெறும் 5 மில்லிமீட்டர் மேலே ஏறிவிட்டால், அதே வேகத்தில்கூட சுழற்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. பலமாக அடிக்கிறேன் என்று தோளைப் போட்டால் என்ன நடக்கிறது? முழங்கை சீக்கிரமே கீழே இறங்குகிறது, கையும் கியூவின் பின்பக்கமும் அதோடு இறங்குகின்றன, பிரிட்ஜில் (மேஜையில் ஊன்றிய கையில்) விரல்மேல் கியூ தராசுக்கோல் போல நிற்பதால் முன்பக்கம் மேலே எழும்புகிறது. பலம் கூடக் கூடச் சுழற்சி குறைந்ததற்குக் காரணம் அதுதான். வேகத்தில் கொஞ்சம் சம்பாதித்து, இடத்தில் நிறைய இழந்துகொண்டிருந்தான்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையை ஒதுக்கிவிட வேண்டும். ‘டிப் பந்தோடு ரொம்ப நேரம் ஒட்டியிருக்கணும், பந்தைத் தள்ளிக்கிட்டே போகணும்’ என்று சென்டருக்குச் சென்டர் யாராவது ஒருவர் சொல்லிக்கொடுப்பார். டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் எந்த மனிதனும் எதையும் செய்ய முடியாது, மூளைக்குச் செய்தி போவதற்கே அதைப்போலப் பல மடங்கு ஆகும். கியூவை விட வெள்ளை இலேசு என்பதால் பட்டவுடன் அது கியூவை விட வேகமாக ஓடிப்போய்விடுகிறது, தள்ளுவதற்கு அங்கே பந்தே இல்லை. அப்படியானால் கியூவை முன்னால் ஓடவிடு என்று ஏன் எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள்? பந்தைத் தாண்டியும் போகப் போகிறோம் என்று கைக்குத் தெரிந்தால்தான் அது பந்துக்கு முன்னாலேயே பிரேக் போடாது. பந்தோடு நிறுத்திக்கொள்ள நினைக்கிறவன் பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னாடியே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்திருப்பான். ஆக, ஃபாலோ த்ரூ (கியூ பந்தைத் தாண்டி ஓடுவது) எதையும் உண்டாக்குவதில்லை, அதற்கு முன் நடந்தது சரியா என்று காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பிடி. இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், பிறகுதான் பையன் உறுமி மேளக் குழுவில் மேளம் அடிப்பவன் என்பது ஞாபகம் வந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கம் இரவெல்லாம் அடித்துவிட்டு வருகிறவன். ‘குச்சியை இறுக்கிப் பிடிச்சு அடிச்சா என்னடா ஆகும்?’ என்றேன். ‘சத்தம் செத்துப் போயிடும் மாமா, கையும் பத்து நிமிஷத்துல காலி.’ அவ்வளவுதான், மேற்கொண்டு நான் ஒன்றும் விளக்கவில்லை. கியூவைக் கட்டைவிரலும் முதலிரண்டு விரல்களும் தாங்கினால் போதும், மற்ற விரல்கள் சும்மா கூட இருக்கட்டும், பின்னால் இழுக்கும்போது உள்ளங்கை கொஞ்சம் திறக்கும், முன்னால் போகும்போது தானாக மூடிக்கொள்ளும். மூடுவதை நீங்கள் செய்யக் கூடாது, அது நடக்க வேண்டும். முதலிலிருந்தே இறுக்கிப் பிடித்தவனுக்கு மணிக்கட்டு பூட்டிவிடும், பிறகு கியூவைத் தோளால்தான் தள்ள முடியும். இறுக்கம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி, அடிக்கக் குனிந்திருப்பவரின் கியூவைப் பின்பக்கத்தில் பிடித்து இலேசாக இழுத்துப் பாருங்கள். கியூ உங்கள் கையோடு நழுவி வந்தால் சரி, ஆளே பின்னால் வந்தால் பிரச்சினை.

இப்போது அந்தப் பெரியவரின் ‘பெலான் பெலான்’. நான் அவர் பக்கவாட்டில் நின்று கவனித்த பிறகுதான் பிடிபட்டது. அவர் மெதுவாகச் செய்வது பின்னிழுப்பை. ஃபெதரிங் அசைவுகள் (அடிக்கும் முன் கியூவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது) இரண்டு மூன்று சாதாரணமாகப் போகும், கடைசியாக ஒரு தடவை கியூவைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் சோம்பேறித்தனமாக எடுப்பார், டிப் பிரிட்ஜ் விரல் வரைக்கும் வந்து ஒரு கணம் நிற்கும், அப்புறம்தான் முன்னால் போகும். முன்னால் போவது மெதுவே இல்லை. அக்கா மகன் செய்தது இதற்கு நேர்மாறு: பின்னால் இழுப்பதையே வெட்டி இழுத்தான், முன்னால் தள்ளும் வேலை கியூ பின்னால் நின்று முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது. இரண்டு திசைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் அந்த இடத்தில்தான் கியூ கோணுகிறது, முழங்கை குதிக்கிறது, அதோடு வேகத்தின் உச்சமும் பந்துக்கு வெகு முன்னாலேயே தீர்ந்துபோகிறது.

பின்னால் நிறுத்துவது புதிதில்லை, ஸ்டீவ் டேவிஸ், ஸ்டீஃபன் ஹென்ட்ரி இரண்டு பேரிடமும் அந்த நிறுத்தத்தைப் பார்க்கலாம், 80களிலும் 90களிலும் அவர்கள் இரண்டு பேருமாகச் சேர்த்து 13 உலகப் பட்டங்கள் எடுத்தார்கள். நிறுத்தாமல் அடிக்கும் நல்ல ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள், அதனால் நிறுத்தியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவசரப்படாமல் திரும்ப வேண்டும், அதுதான் விஷயம். ரோனி ஓசல்லிவன் 1997ல் ஐந்தரை நிமிடத்துக்குள் 147 (வழக்கமான உச்சப் புள்ளி) அடித்த அந்த பிரேக்கை, அதாவது இடைவிடாத ஒரே தொடர் ஆட்டத்தைப் பாருங்கள். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில்தான் ஓட்டம். கியூ பின்னால் போய்த் திரும்பும் இடத்தில் வெட்டு இருக்காது. எங்கள் தலைமுறையில் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தாய்லாந்தின் ஜேம்ஸ் வத்தனாதான் ஹீரோ, தரவரிசைப் புள்ளி தரும் ரேங்கிங் போட்டி ஒன்றை வென்ற முதல் ஆசியர் அவர், 1992ல். ஒல்லியான உடம்பு, கியூ வழுக்கிக்கொண்டு போகும். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நம்பாதவர்களுக்கு அவர் ஆட்டத்தைக் காட்டலாம்.

மென்மையான ஷாட்டுகளில் வேறு ஒரு கோளாறு. பெரிதாகப் பின்னால் இழுத்துவிட்டு, ஐயோ அதிகமாகிவிடுமே என்று முன்னால் வரும் வழியில் கையைப் பிடித்துக்கொள்வது. இப்படிக் குறைந்துகொண்டே போகிற கியூ நேராகப் போகாது, பத்து அங்குலத்தில் இருக்கும் பந்தைப் போடுவதுகூடத் தவறும். மெதுவாக அடிக்க வேண்டுமானால் பின்னிழுப்பைச் சின்னதாக்குங்கள், முன்னால் போவது எப்போதும் போல இருக்கட்டும். இந்த ஒன்றை மாற்றியதிலேயே என் சேஃப்டி ஆட்டம் (எதிராளிக்கு வாய்ப்பு விடாமல் ஆடுவது) நிறையத் திருந்தியது, வெள்ளையை பால்க் குஷனுக்கு (மேஜையின் கீழ்முனைக் குஷனுக்கு) பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது ஊகமாக இருந்தது போய் ஓரளவு கணக்காக மாறியது.

பயிற்சி என்று பெரிய பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. மேற்சொன்ன நீலப் பந்து ஒன்று. அது நேராகப் போய் வெள்ளையும் நேராகத் திரும்பினால் எதிர்ப்பக்க நடு பாக்கெட்டில் வெள்ளையே விழும், ஆட்டத்தில் அது ஃபவுல், பயிற்சியில் அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. இன்னொன்று, பழுப்புப் புள்ளியில் வெள்ளையை மட்டும் வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக நேரே அனுப்பி, மேல் குஷனில் பட்டுத் திரும்பி வந்து உங்கள் டிப்பையே தொடுகிறதா என்று பார்ப்பது. அடித்துவிட்டு எழுந்துவிடக் கூடாது, அப்படியே குனிந்து கிடக்க வேண்டும். எல்லாரும் இதை நேர்கோட்டுக்காக மட்டும் செய்கிறார்கள். நான் இதில் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: கோடு சரியான பிறகு, பலத்தைக் கூட்டாமல் பின்னிழுப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீளமாக்கி, வெள்ளை எத்தனை மேஜை நீளம் ஓடுகிறது என்று பார்ப்பது. கை அதே சோம்பலோடு இருக்கும்போதே மூன்று நீளம், மூன்றரை நீளம் என்று ஓட ஆரம்பிக்கும். எங்கே பல்லைக் கடிக்க ஆரம்பிக்கிறீர்களோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அன்றைய உங்கள் எல்லை அது.

‘அன்றைய’ என்றது சும்மா இல்லை. நம்ம ஊரில் மத்தியானம் வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு மழை கொட்டும், காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. மேஜைத் துணி கம்பளி, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெரிய போட்டிகளில் மேஜைக்கு அடியில் ஹீட்டர் வைத்துத் துணியை உலர்வாக வைத்திருப்பார்கள், கடைவீட்டு மாடியில் அதெல்லாம் நடக்குமா. கடை திறந்த புதிதில், ஏர்கான் இன்னும் பிடிக்காத நேரத்தில், துணி கனமாக இருக்கும், பந்து சோர்ந்து ஓடும், தூரத்து ஸ்க்ரூவில் பின்சுழற்சி போய்ச் சேருவதற்குள்ளேயே துணியில் உரசித் தீர்ந்துவிடும். அன்றைக்குப் பார்த்து ‘என் டைமிங் போச்சு’ என்று பலத்தைக் கூட்டினால் உண்மையிலேயே போய்விடும். முதலில் வெள்ளையை இரண்டு தடவை மேலும் கீழும் ஓடவிட்டுத் துணியின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். துணி மந்தமாக இருந்தால் வெள்ளைக்கும் அடிக்கும் பந்துக்கும் இடையே தூரம் குறைவாக இருக்கிற மாதிரி ஆட்டத்தை அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரு நாளைய ஈரத்துக்காகக் கியூ ஆக்‌ஷனையே மாற்றப் போகாதீர்கள்.

கியூ பற்றி: சென்டரில் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கியூக்களில் பாதிக்கு டிப் தட்டையாகத் தேய்ந்து, பளபளவென்று சாக் பிடிக்காமல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கீழே அடித்தால் வழுக்கும், வழுக்கும் என்ற பயத்திலேயே கை டிப்பை மேலே தூக்கும். விலை அதிகமான கியூ தேவையில்லை. டிப் குவிந்து, சொரசொரப்பாக இருந்தால் சரி.

காதையும் பயன்படுத்துங்கள். சரியாகப் பட்ட அடிக்கு உலர்ந்த, சின்ன ‘டக்’. இறுக்கிப் பிடித்து அடித்தால் அதே பந்து ‘டப்’ என்று மொட்டையாகக் கேட்கும். அக்கா மகனுக்கு இது என்னைவிடச் சீக்கிரம் பிடிபட்டது, மேளக்காரன் காது. இப்போதெல்லாம் வெள்ளை எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு முன்பே, சத்தம் கேட்டவுடன் முகத்தைச் சுளிக்கிறான் அல்லது சிரிக்கிறான். சாக் புள்ளிச் சோதனையை மறுபடி செய்தபோது தடம் நடுவிலிருந்து நன்றாகவே கீழே இறங்கியிருந்தது, நீலத்தைப் போட்டுவிட்டு வெள்ளை எதிர்ப் பாக்கெட்டின் வாய்வரை வந்து தாடையில் தட்டி நின்றது. முன்பு அடித்ததில் பாதி பலம்கூட இருக்காது.

பயிற்சியில் வந்தது ஆட்டத்தில் வருமா என்றால், உடனே வராது. தே ஓ ஐஸுக்கு (பால் சேர்க்காத ஐஸ் டீக்கு) பந்தயம் கட்டினாலே போதும், கறுப்பு கடைசியில் நிற்கும்போது பின்னிழுப்பு வெட்டும். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, குனிந்த பிறகு எதையும் முடிவு செய்யாமல் இருப்பது. எங்கே அடிக்கணும், எவ்வளவு வேகம், வெள்ளை எங்கே நிற்கணும், எல்லாவற்றையும் நின்றபடியே முடித்துவிட்டுக் குனியுங்கள். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் எழுந்து நில்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கியூ பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது ‘கொஞ்சம் சைடும் (பக்கவாட்டுச் சுழற்சியும்) போடலாமா’ என்று ஒரு யோசனை வரும் பாருங்கள், அதுதான் டைமிங்குக்கு எமன்.

ரெஸ்ட் (கை எட்டாத இடத்தில் கியூவைத் தாங்கும் கோல்) போட்டு அடிக்கும் ஷாட்டுக்கு இதில் பாதி பொருந்தாது. முழங்கை பக்கவாட்டில் நிற்கிறது, விரல் பிரிட்ஜ் கிடையாது, பெரிய பின்னிழுப்புக்கு இடமும் இல்லை. அங்கே சின்னதாக இழுத்து, அவசரமில்லாமல் திரும்பி, நேரே முன்னால் விடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்தப் பெரியவரே ரெஸ்ட்டில் ஸ்க்ரூ முயற்சி செய்து நான் பார்த்ததில்லை, ஸ்டன் (வெள்ளை மோதி அப்படியே நிற்பது) அல்லது ஃபாலோ (மோதிய பந்தின் பின்னே ஓடுவது), அவ்வளவுதான். அக்கா மகன் ரெஸ்ட்டைக் கண்டாலே கியூவை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறான். ரோனி இரண்டு கையாலும் அடிக்கிறாராம், அதனால் இவனும். அடிக்கட்டும், ஆனால் அந்தக் கைக்கும் சாக் புள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று போய் வெள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.